ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடத் திட்டமிடுபவருக்கு

ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் நீளம் 3,700 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். நாளுக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்து நாளுக்கு ஒரு நாள் ஓய்வையும் சேர்த்து நூறு நாட்களுக்கு மேல் ஆகும். 2019இல் நெடுந்தூர ஓட்டக்காரரான சூஃபியா கான் இவ்விரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டரை 87 நாட்களில் ஓடி முடித்தார். நாளுக்குச் சுமார் 46 கிலோமீட்டர் என்ற அந்தக் கணக்கை முதன்முறை முயல்பவர் துரத்த வேண்டாம். மறுநாள் காலையும் வலியில்லாமல் காலூன்ற முடிகிற தூரமே அன்றைக்குரிய அளவு.

நம்மில் பலருக்குக் கன்னியாகுமரியில் தொடங்கவே மனம் வரும். ஜனவரியில் புறப்பட்டால் பருவமும் ஓரளவு ஒத்துழைக்கும். ஆனால் தேய்ந்துபோன கால்களோடு இறுதியில் மலையேற நேரும். ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே மலைப்பகுதியில் உள்ள ராம்பன், பனிஹால் பகுதியில் வசந்தகால மழையும் மண்சரிவும் பாதையை அடைத்துவிடக்கூடும். ஆகவே செப்டம்பர் நடுவில் ஸ்ரீநகரிலிருந்து புறப்படுவதே நல்லது என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் பஞ்சாப், ஹரியானா வயல்களில் அறுவடைக்குப் பின் எஞ்சும் நெல் தாளை எரிக்கும் புகை மண்டுவதற்கு முன்பே, அக்டோபர் முற்பகுதியில் டெல்லியைக் கடந்துவிடலாம். நாக்பூரும் ஹைதராபாத்தும் நவம்பரின் மிதமான வெயிலில் கழியும். ஓசூரை அடையும்போது டிசம்பர் பிறந்து, வடகிழக்குப் பருவமழையின் உச்சம் பெரும்பாலும் கடந்திருக்கும். சுரங்கச் சாலைகளுக்குள் ஓடுவதைத் தவிர்த்து, பட்னிடாப் வழியாகச் செல்லும் பழைய மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர் இறக்கம் தொடைத் தசையைக் கிழித்துவிடும் என்பதால், முதல் வாரம் முப்பது கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்கு ஆறு மாதமாவது தேவை. ஒரே நாளில் அறுபது கிலோமீட்டர் ஓடுவதைவிட, சனி முப்பது, ஞாயிறு முப்பது என அடுத்தடுத்த நாட்களில் ஓடுவதே இதற்குப் பொருந்தும்.

சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுவது பாதுகாப்பானது. சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதிலேயே ஓடுங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். நாள் முழுக்க ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே விழும். சில நாட்களில் கணுக்காலின் முன்பக்கம் தடித்து, பாதத்தை மேலே தூக்கும்போது சுரீரென்று வலிக்கத் தொடங்கும். அது தசைநாண் வீக்கம். சமதளமாக உள்ள ஓரத்தைத் தேடி ஓடுவதும், ஷூ நாடாவை அந்த இடத்தில் தளர்த்திக் கட்டுவதும், ஓரிரு நாள் நடையாக மாற்றிக்கொள்வதும் உதவும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது தவறு. அது சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

நாள்பட ஓடும்போது பாதம் வீங்கும் என்பதால் வழக்கத்தைவிட அரை அளவு பெரிய ஷூ வாங்குங்கள். ஒரு ஜோடி 600 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். எனவே ஐந்தாறு ஜோடிகள் வேண்டும். தொடை உரசும் இடங்களில் தேங்காய் எண்ணெயே போதும்.

ஒரு கிலோமீட்டருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி என்பது தோராயக் கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவர் நாற்பது கிலோமீட்டருக்கு 2,400 கலோரியை, அன்றாட உணவுக்கு மேலாக உண்ண வேண்டும். இதை ஒரே வேளையில் அடைக்க முடியாது. துணை வண்டியை ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்பிட்ட கஞ்சி எனச் சிறிது சிறிதாக உண்ணுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் மிதமிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் குழப்பமும் வரும்.

கன்னியாகுமரியிலிருந்து ஊர் திரும்ப முன்கூட்டியே ரயிலில் டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள். தேதி குறித்துவிட்டவர், ஓய்வெடுக்க வேண்டிய காலோடு திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ஒரே நாளில் ஓடப் பார்ப்பார்.