முதல் பங்க் ராக் இரவுக்குப் போவது எப்படி? கெயின்ஸ்வில் மாணவர்களுக்காக

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள கெயின்ஸ்வில்லுக்குப் படிக்க வரும் நம் மாணவர்கள் பலருக்கு ஊர் என்றால் ஆய்வகம், நூலகம், அறை, சனிக்கிழமை மளிகைக் கடை, அவ்வளவுதான். எனக்கும் முதல் ஆண்டு அப்படித்தான் கழிந்தது. பல்கலைக்கழகப் புல்வெளியில் கிருஷ்ண பக்தர்கள் 1971 முதல் நடத்திவரும் மதிய உணவுக்கு ஒருநாள் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெண் நகலெடுத்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். நான்கு பங்க் ராக் இசைக்குழுக்களின் பெயர்கள், வெள்ளிக்கிழமை, இரவு எட்டு மணி, ஏழு டாலர். அந்த இரவுக்குப் பிறகுதான் கெயின்ஸ்வில் எனக்கும் சொந்த ஊர் ஆனது. நீங்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பங்க் ராக் என்பது ராக் இசையில் ஒரு வகை. வேகமானது, சத்தமானது. பெரும்பாலான பாடல்கள் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். பெரிய நிறுவனம் எதுவும் வந்து கை தூக்கிவிடும் என்று காத்திராமல், தாங்களே பாடி, தாங்களே பதிவு செய்து, தாங்களே சுவரொட்டி ஒட்டுவது பங்க் குழுக்களின் வழக்கம். சுமார் 1,40,000 பேர் வாழும் இந்த ஊருக்கு அந்த உலகில் பெரிய பெயர். லெஸ் தேன் ஜேக் என்ற குழு 1992-இல் இங்கேதான் தொடங்கியது. ஹாட் வாட்டர் மியூசிக், அகெய்ன்ஸ்ட் மீ ஆகிய குழுக்களும் இங்கிருந்து எழுந்தவையே. 2002-இல் தொடங்கிய, அக்டோபர் மாத இறுதியையொட்டி நடக்கும் 'தி ஃபெஸ்ட்' விழாவுக்கு இப்போது நூற்றுக்கணக்கான குழுக்கள் வருகின்றன. ஆனால் நீங்கள் விழாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரண வெள்ளிக்கிழமையே நல்ல தொடக்கம்.

படி 1: நிகழ்ச்சியைக் கண்டுபிடியுங்கள்

நகர மையத்தில் மின்கம்பங்களையும் இசைத்தட்டுக் கடையின் கதவையும் பாருங்கள். சுவரொட்டிகள் இருக்கும். ஒரு குழுவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பின்தொடர்ந்தால், அதனுடன் சேர்ந்து வாசிக்கும் மற்ற குழுக்களும் தெரிந்துவிடும். சில நிகழ்ச்சிகள் வீட்டுக் கூடத்திலோ கார் நிறுத்தும் கொட்டகையிலோ நடக்கும். அத்தகைய சுவரொட்டியில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு பங்க்கிடம் கேள்' (அதாவது, பங்க் ரசிகர் ஒருவரிடம் கேள்) என்று அச்சிட்டிருப்பார்கள். அக்கம்பக்கத்தாரின் புகாருக்கு அஞ்சித்தான் முகவரியை மறைக்கிறார்கள். தயங்காமல் கேளுங்கள், சொல்வார்கள். தெரிந்துகொண்ட முகவரியைப் பொதுவெளியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

படி 2: வயது வரம்பையும் அடையாள அட்டையையும் பாருங்கள்

சுவரொட்டியின் மூலையில் 'எல்லா வயதினரும்', '18', '21' என்று ஏதாவது ஒன்று இருக்கும். அமெரிக்காவில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக்கூடாது. அதனால் வயது குறைந்தவர்களின் புறங்கையில் வாசலிலேயே கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு அனுப்புவார்கள். அதைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம். அதற்குப் பெருமையான வரலாறு உண்டு. 1980-இல் வாஷிங்டன் நகரத்து டீன் ஐடில்ஸ் குழுவினர் சான்பிரான்சிஸ்கோவில் வாசிக்கப் போனார்கள். எல்லோரும் சிறுவர்கள். இவர்களுக்கு மது கொடுக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாக அரங்கத்தார் அவர்கள் கையில் குறியிட்டு உள்ளே விட்டார்கள். பின்னர் அந்தக் குறியே மதுவையும் போதைப்பொருளையும் விலக்கி வாழும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் இளைஞர்களின் சின்னமாயிற்று. ஆகவே, குடிக்காதவர் இந்தக் கூட்டத்தில் அந்நியர் அல்லர். இதை நம் பெற்றோருக்கும் சொல்லலாம்.

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு இரவில் அலையாதீர்கள். புளோரிடா மாநில அடையாள அட்டையை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: காதைக் காப்பாற்றுங்கள்

இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். சிறிய அறையில் டிரம்ஸ் முழங்கும்போது அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும், ஆனால் அதைச் சரியாகப் பொருத்த வேண்டும். விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய திரி போலாக்குங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். திரியை உள்ளே செலுத்தி, அது விரிந்து நிறையும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உங்கள் குரல் உங்களுக்கே பானைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் சரியாகப் பொருந்திவிட்டது. பாட்டு கெட்டுவிடுமோ என்று கவலை வேண்டாம், சத்தம் குறைந்தாலும் பாட்டு நன்றாகவே கேட்கும்.

உடை எதுவும் சரிதான். காலணியின் கயிற்றை மட்டும் இரட்டை முடிச்சாகப் போடுங்கள். பை வேண்டாம். மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் அதற்கு ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். என் கண்ணாடி இரண்டாவது நிகழ்ச்சியிலேயே நெரிசலில் நொறுங்கிப்போனது.

படி 4: ரொக்கத்தோடு போங்கள்

வாசலில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஐந்து முதல் பதினைந்து டாலர் வரை கேட்பார். பேரம் பேசாதீர்கள். நாற்பது பேர் பத்து டாலர் வீதம் கொடுத்தால் நானூறு. அதில் ஒலியமைப்பாளருக்குப் போக மீதியை மூன்று நான்கு குழுக்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். அட்லாண்டாவிலிருந்து ஐந்து மணி நேரம் வேன் ஓட்டி வந்தவர்களுக்குப் பெட்ரோல் செலவாவது மிஞ்ச வேண்டாமா?

படி 5: முதல் குழுவுக்கே போய்விடுங்கள்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். முதலில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள். பகலில் உங்களுக்குக் காபி ஊற்றித் தருகிறவர் அங்கே கிட்டாரோடு நிற்பார். எட்டு பேர் முன்னால் நடுங்கிக்கொண்டே வாசிப்பார்கள். நீங்கள் ஒன்பதாவது ஆள். அகெய்ன்ஸ்ட் மீ குழுவும் தொடக்க நாட்களில் மின்சாரம் வேண்டாத அகூஸ்டிக் கிட்டாரையும் டிரம்ஸுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வாளிகளையும் வைத்துக்கொண்டு வாசித்ததுதான். அன்று அவர்கள் முன் நின்று கேட்டவர்கள் சிலர் இருந்ததால்தான் பிறகு உலகம் கேட்டது. ஒவ்வொரு குழுவும் சுமார் அரை மணி நேரமே வாசிக்கும். பிடிக்காவிட்டாலும் அந்த அரை மணியை அவர்களுக்குக் கொடுங்கள்.

படி 6: நெரிசலில் நிற்கும் முறை

மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் மோதிக்கொண்டு சுழலும் இடம் ஒன்று உருவாகும். பார்க்கச் சண்டை போலிருக்கும். அது சண்டை அன்று. விழுந்தவரை உடனே தூக்கிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். நான் விழுந்தபோது முகம் தெரியாத நான்கு கைகள் தூக்கின. முதல் நாள் சுவரோரமாக நில்லுங்கள். ஒலியமைப்பாளரின் அருகே நின்றால் பாட்டும் நன்றாகக் கேட்கும். விருப்பமில்லாதவரை உள்ளே இழுக்காதீர்கள். யாராவது ஒரு பெண்ணிடம் அத்துமீறுவதைக் கண்டால் வாசலில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

படி 7: விற்பனை மேசைக்குப் போங்கள்

வாசித்து முடித்தவர்கள் வியர்வை காயாமல் டி-ஷர்ட்டுகளையும் கேசட்டுகளையும் பரப்பி வைத்திருப்பார்கள். எதுவும் வாங்காவிட்டாலும், 'மூன்றாவது பாட்டு பிடித்திருந்தது' என்று நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். எனக்கு இங்கே கிடைத்த முதல் நண்பர் அப்படிச் சொல்லப்போய்க் கிடைத்தவர்.

படி 8: சேர்ந்து சாப்பிட்டுச் சேர்ந்து திரும்புங்கள்

நள்ளிரவில் பசி கொல்லும். பங்க் கூட்டத்தில் சைவர்கள் ஏராளம் என்பதால் பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டியான பர்ரிட்டோவுக்குப் பஞ்சமில்லை. கார் ஓட்டப்போகிறவர் யார், அவர் அன்று குடிக்கமாட்டார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கடைசி பஸ் எப்போது என்பதையும் பார்த்து வையுங்கள். சேர்ந்து போகும் நண்பர்கள் எங்கள் ஐவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் அறைக்குப் போய்க் கதவைப் பூட்டியதும் வாட்ஸ்அப் குழுவில் 'வந்துவிட்டேன்' என்று எழுதுவோம். ஐந்தாவது 'வந்துவிட்டேன்' வரும் வரை யாரும் தூங்குவதில்லை.