வீட்டை ஏஜென்ட் மூலம் விற்கும்போது சறுக்கும் இடங்கள்

வீட்டை விற்க மூன்று ஏஜென்டுகளைக் கூப்பிட்டு விலை கேட்கிறோம். ஒருவர் 90 என்கிறார், அடுத்தவர் 95 என்கிறார். மூன்றாமவர் வாசலில் நின்றபடியே 120 என்கிறார். யாரிடம் கொடுப்போம்? பெரும்பாலும் அந்த 120காரரிடம்தான். முதல் சறுக்கல் அங்கேயே நடந்துவிடுகிறது. அவர் சொன்ன விலைக்கு அவரே வாங்கப் போவதில்லை. இரண்டு மாதம் கழித்து, "மார்க்கெட் டல்லா இருக்கு சார், கொஞ்சம் இறங்கி வாங்க" என்று போன் வரும். ஆகவே, யார் என்ன விலை சொன்னாலும் அது எப்படி வந்தது என்று கேளுங்கள். அதே பகுதியில், அதே அளவில், சமீபத்தில் கைமாறிய மூன்று வீடுகளைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை கணக்கில் சேராது. கடைசியில் விற்ற விலைதான் வேண்டும்.

விலை கூடினால் ஏஜென்டுக்கும் கமிஷன் கூடும், அதனால் அவர் நம் பக்கம்தான் என்று பலரும் நம்புகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கமிஷன் 2 சதவீதம் என்று வையுங்கள். வீடு 100க்குப் போனால் அவருக்கு 2 கிடைக்கும். இன்னும் ஒரு மாதம் பொறுத்து 105க்கு விற்றால் உங்களுக்குக் கிட்டத்தட்ட 5 கூடுதல், அவருக்கோ 0.1தான். அந்த 0.1க்காக இன்னொரு மாதம் சாவியைத் தூக்கிக்கொண்டு அலைய யாருக்கு மனசு வரும்? பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சிவர்சனும் ஷிகாகோ வட்டாரத்தில் விற்ற ஏறக்குறைய ஒரு லட்சம் வீடுகளை அலசி, 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளர்களின் அதே மாதிரி வீடுகளைவிட சராசரியாக 9.5 நாள் கூடுதலாகப் பொறுத்திருந்து, சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலை பார்த்திருந்தார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கமிஷன் கணக்கே அப்படி.

இது புரிந்தால் அடுத்த தவறைச் செய்யமாட்டீர்கள். "உங்க கடைசி விலை என்ன, எனக்கு மட்டும் சொல்லுங்க" என்று ஏஜென்ட் கேட்பார். சொன்னால் அன்றிலிருந்து அதுதான் உங்கள் வீட்டின் விலை. பணம் அவசரம், வெளியூர் மாறுகிறோம் என்பதையும் அவரிடம் கொட்ட வேண்டாம். முடிந்தால் கமிஷனையே மாற்றிப் பேசுங்கள்: இந்த விலை வரை இவ்வளவு சதவீதம், அதற்கு மேல் வருவதில் மட்டும் கூடுதல் பங்கு என்று. அப்போது அவருக்கும் பொறுமை வரும்.

மறுபக்கம், நாமே விலையை ஏற்றிச் சொல்லிக் கெடுத்துக்கொள்வதும் உண்டு. பார்த்துப் பார்த்துப் போட்ட அலமாரி, அதற்கு ஆன செலவு எல்லாம் நமக்குப் பெரிசு. வாங்க வருகிறவர் அதைக் கழற்றத்தான் நினைப்பார். புதிதாக விற்பனைக்கு வந்த வீட்டுக்குத்தான் ஆள் அதிகம் வரும். அந்த முதல் சில வாரங்களை எட்டாத விலையில் வீணாக்கினால், அப்புறம் விலையைக் குறைத்தாலும், "இத்தனை நாளா ஏன் போகலை, ஏதாவது வில்லங்கமா?" என்ற கேள்விதான் வரும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சில் நாலு பேரிடம் கொடுத்தால், ஒரே பார்ட்டியைக் கூட்டிவந்ததாக இரண்டு பேர் கமிஷன் கேட்டு நிற்பார்கள். ஒருவரிடம் மட்டும் கொடுப்பதென்றால் முடிவுத் தேதி போட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும், அவர் காட்டிய ஆள் வாங்கினால் கமிஷன் உண்டு என்ற வரி சில ஒப்பந்தங்களில் இருக்கும். அது நியாயம்தான், ஆனால் எத்தனை மாதத்துக்கு என்பதும், யார் யாரைக் காட்டினார் என்ற பெயர்ப் பட்டியலும் வேண்டும்.

வீட்டைப் பார்க்க ஆள் வரும்போது நீங்கள் வெளியே போய்விடுவது நல்லது. கணவனும் மனைவியும் படுக்கையறை ஜன்னலருகே நின்று, கட்டில் எங்கே போடலாம் என்று மெதுவாகப் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "இது நல்ல தேக்கு" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சு அறுந்துவிடும். மனதுக்குள் குடிவந்துகொண்டிருந்தவர்கள் மறுபடி விருந்தாளி ஆகிவிடுவார்கள்.

ஒழுகலை மறைக்கப் பெயின்ட் அடிக்காதீர்கள். புதுப் பெயின்ட் வாசனை ஒரே மூலையில் மட்டும் வந்தால் எவரும் அண்ணாந்து பார்ப்பார். இருப்பதைச் சொல்லிவிட்டு, சரிசெய்ய ஆகும் செலவை விலையில் பேசிக்கொள்ளலாம். பிறகு தெரிந்தால் பேரம் முறியும். சில இடங்களில் வழக்கும் வரும்.

வாங்க வருகிறவர்களில் அதிக விலை சொன்னவருக்கே கொடுக்க வேண்டும் என்பதில்லை. கடன் கைக்கு வந்துவிட்டதா, அவருடைய பழைய வீடு விற்றால்தான் பணமா என்று கேளுங்கள். உங்கள் பக்கம் கையெழுத்துப் போட வேண்டிய பங்காளிகள் எல்லாரும் சம்மதமா என்பதையும் முன்பே முடித்து வையுங்கள். அட்வான்ஸ் பணம் ஏஜென்டின் சொந்தக் கணக்குக்குப் போக விடாதீர்கள். உங்கள் கணக்குக்கு வரட்டும், அல்லது சட்டப்படி மூன்றாம் ஆள் வைத்திருக்கும் தனிக் கணக்கில் இருக்கட்டும். வாங்கியதற்கு ரசீது, பேரம் முறிந்தால் அந்தப் பணம் யாருக்கு என்ற ஒரு வரி, இரண்டும் அன்றைக்கே எழுதப்பட வேண்டும்.