மடிக்கணினியை மாற்றும்போது பழையதில் விட்டுவிடக் கூடாதவை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. தனிநபர்கள் தங்கள் கணினியைப் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும் என்று ஒரு கூடுதல் ஏற்பாட்டையும் அறிவித்தது. ஏழெட்டு ஆண்டுகளாக ஒரே மடிக்கணினியை வைத்துக் காலம் தள்ளியவர்கள் பலர் கடைப்பக்கம் போக நேர்ந்ததற்கு இது ஒரு காரணம். கடையில் எழும் கேள்விகளெல்லாம் புதிய கணினியைப் பற்றியவை. ஆனால் வாங்கி இரண்டு மாதம் கழித்துத் தலைவலி தருவது, பழையதில் எதை விட்டுவிட்டு வந்தோம் என்பதுதான். ஆகவே வாங்குவதைச் சுருக்கமாகவும் குடிபெயர்வதை விரிவாகவும் சொல்கிறேன்.

மாற்றத்தான் வேண்டுமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 நிறுவுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் தேவை. ஐ5-8250யு என்ற பெயரில் இடைக்கோட்டை அடுத்து வரும் 8 தலைமுறையைக் குறிக்கிறது. ஐ5-7200யு என்று இருந்தால் அது ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் இல்லை. எட்டாம் தலைமுறைக் கணினியை வைத்துக்கொண்டு, மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்ற நினைப்பவர், அதில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு எம்பி சொச்சம் படிக்கும். சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டியில், சாட்டா வகை ஐந்நூறு எம்பி வரை படிக்கும். சிறு சிறு கோப்புகளை அங்கும் இங்கும் தேடி எடுக்கும் வேலையில் இந்த இடைவெளி இன்னும் பல மடங்காகிறது. எஸ்எஸ்டி பொருத்தி ரேமையும் கூட்டினால், புதியது வாங்கும் செலவில் ஒரு பகுதியிலேயே அந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், பெட்டியின் மேல் இருக்கும் ‘ஐ5’, ‘ரைசன் 5’ என்ற பெயரோடு நின்றுவிடாதீர்கள். ஏஎம்டியின் 7000 வரிசை மடிக்கணினிச் செயலிகளில் உள்ளமைப்பின் தலைமுறையைச் சொல்வது மூன்றாம் இலக்கம். ரைசன் 5 7520யுவில் இருப்பது 2019இல் அறிமுகமான ஜென் 2. ரைசன் 5 7540யுவில் இருப்பது ஜென் 4. பெயரில் ஓர் இலக்கம்தான் வேறுபாடு, உள்ளே இரண்டு தலைமுறை இடைவெளி. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று 8 ஜிபியோடு வாங்குவது பயன் தராது. வாங்கும்போதே 16 ஜிபி வாங்கிவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் சலுகையைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய கணினியைக் கொண்டுவரும் ஆளே பழையதைக் கையோடு வாங்கிச் செல்வது இதில் வழக்கம். கழித்துக்கொடுக்கும் தொகை ஓரளவு நன்றாக இருந்தாலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கே பழைய வீட்டின் சாவியை யாரும் ஒப்படைத்துவிடுவதில்லை. பரணில் என்ன கிடக்கிறது என்பது ஒழித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். இரண்டு கணினிகளும் குறைந்தது ஒரு மாதம் அருகருகே இருக்க வேண்டும்.

பரண் எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை எல்லாரும் நினைவாக எடுத்துக்கொள்வார்கள். டி டிரைவ் என்று தனியே பிரித்து வைத்திருப்பதும் கண்ணில் பட்டுவிடும். விடுபட்டுப்போவது, பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’. உலாவியின் விவரங்கள், ஒட்டுக்குறிப்புகள், தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் நிரல்களின் அஞ்சல்கள் எல்லாம் அங்கேதான் சேமிக்கப்படுகின்றன. அஞ்சல்தானே, சர்வரில் இருக்குமே என்று நினைத்து நான் ஒருமுறை அதை விட்டுவிட்டேன். பாப்3 முறையில் இறக்கிய அஞ்சல்கள் சர்வரிலிருந்து நீக்கப்பட்டுக் கணினியில் மட்டுமே இருந்தன என்பது, பழைய டிஸ்கை அழித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எக்ஸ்புளோரரின் ‘வியூ’ பட்டியலில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்களுக்கு வேறொரு குழப்பம் உண்டு. அது இயங்கும் கணினிகள் பலவற்றில் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இடம் மாறியிருக்கும். கோப்பின் பக்கத்தில் மேகச் சின்னம் தெரிந்தால், அங்கே இருப்பது பெயர் மட்டும். உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது. டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் செருகிப் பார்த்தால் அந்தக் கோப்புகள் திறக்கா. எனவே நகலெடுக்கும் முன்பே அவற்றை எப்போதும் இக்கணினியில் வைத்திருக்கும்படி அமைத்து, முழுவதும் இறங்கி முடியும்வரை காத்திருங்கள். இலவசக் கணக்கில் கிடைப்பது 5 ஜிபிதான் என்பதால், புகைப்படங்களையெல்லாம் அதன் வழியாகவே புதிய கணினிக்கு அனுப்பிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

தமிழில் எழுதுபவர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் எழுத்துருக்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் பாமினி, வானவில், டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறிமுறைகளில் இருக்கின்றன. பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத் தோன்றும். கோப்பு கெட்டுப்போகவில்லை, எழுத்துருதான் இல்லை. ஆனால் பத்து ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்ப்பவருக்கு அது எந்த எழுத்துரு என்பதே தெரியாமல் போகலாம்.

ஆகவே பழைய கணினியில் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ பகுதியைத் திறந்து, நீங்களாக நிறுவிய தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் தனிக் கோப்புறையில் நகலெடுத்து வையுங்கள். முக்கியமான ஆவணங்களைப் பழைய கணினியில் இருக்கும்போதே எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிட்டால், பிற்காலத்தில் எழுத்துரு தொலைந்தாலும் படிப்பதற்குத் தடையிருக்காது. யூனிகோடுக்கு மாற்றும் வேலையைப் புதிய கணினியில் நிதானமாகச் செய்துகொள்ளலாம். மாற்றிய பிரதியை மூலத்தின் மேலேயே சேமிக்க வேண்டாம்; மாற்றும் நிரல்கள் சில வேளைகளில் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் குழப்பிவிடுகின்றன, இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கிவிடுகின்றன.

யூனிகோடிலேயே எழுதியவர்களுக்கும் ஒரு சிறு அதிர்ச்சி காத்திருக்கக்கூடும். பழைய விண்டோஸில் தானாகவே இருந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10 முதல் கூடுதல் எழுத்துருத் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. புதிய கணினியில் அது இல்லாவிட்டால் ஆவணம் நிர்மலா என்ற வேறோர் எழுத்துருவில் தெரியும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் இடம்பெயர்ந்து, நாற்பது பக்கப் புத்தகம் நாற்பத்து மூன்று பக்கமாகலாம். அமைப்புகளில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியிலிருந்து தமிழ்க் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11இலேயே இருப்பதால் தட்டச்சு நிரல் தனியே தேவைப்படாது. பழைய தட்டச்சு இயந்திர முறைக்குப் பழகிய கைகளுக்கு மட்டும், முன்பு பயன்படுத்திய நிரலை மீண்டும் நிறுவ வேண்டிவரும்.

நிரல்களை நகலெடுத்துக் கொண்டுபோக முடியாது. புதிதாக நிறுவ வேண்டும். உரிமம் எந்த வகை என்பதை அதற்கு முன் பாருங்கள். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தக் கணினியோடுதான் இருக்கும். டேலி என்ற கணக்கு நிரலை வைத்திருப்பவர்கள் பழைய கணினியில் உரிமத்தை ‘சரண்டர்’ செய்த பிறகே புதியதில் செயல்படுத்த வேண்டும், டேட்டா கோப்புறையைத் தனியே எடுத்துச் செல்ல வேண்டும். ஜிஎஸ்டிக்கும் வருமான வரிக்கும் டிஜிட்டல் கையொப்பம் பயன்படுத்துபவர்கள், கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி டோக்கனை இயக்கும் டிரைவர் நிரலைப் புதிய கணினியில் நிறுவி ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்துவிடுங்கள். கடைசித் தேதியன்று மாலையில் இதைச் செய்துபார்ப்பது வீண் பதற்றம்.

உலாவியின் கடவுச்சொற்களை ஒத்திசைவு மூலம் கொண்டுபோவது எளிது. கோப்பாக ஏற்றுமதி செய்தால், அந்தக் கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் யாரும் படிக்கும்படி இருக்கும் என்பதால், இறக்குமதி முடிந்தவுடன் இரு கணினிகளிலிருந்தும் நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலிசெய்யுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் பாஸ்கீ என்ற சாவி பழைய கணினியில் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தால், அந்தக் கணக்குகளில் புதிய கணினியையும் பதிவுசெய்துகொண்ட பிறகே பழையதை அழிக்க வேண்டும்.

நகலெடுக்க வெளிப்புற எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க் போதும். அது ஃபேட்32 முறையில் அமைந்திருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் ஒரு கோப்பும் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால் 300 ஜிபிக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும், எனவே 3.0 துளையைத் தேடிச் செருகுவது நல்லது. ‘கட்’ செய்து ஒட்டாதீர்கள், ‘காப்பி’ மட்டுமே செய்யுங்கள். இடையில் மின்சாரம் போனாலும் மூலம் அப்படியே இருக்கும். முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புறையின் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.

புதிய கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கக்கூடும், அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கக்கூடும். அதன் மீட்புச் சாவி 48 இலக்க எண். தாய்ப்பலகை பழுதாகி டிஸ்கை மட்டும் கழற்ற நேர்ந்தால் அந்த எண்ணின்றி ஒரு கோப்பும் கிடைக்காது. கணக்கின் பக்கத்திலிருந்து அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, விற்பனை ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். அதே கதைதான் பழைய கணினிக்கும்: அதன் டிஸ்க் குறியாக்கப்பட்டிருந்தால் அந்தச் சாவியும் கையில் இருக்கட்டும்.

ஒரு மாதம் புதியதில் மட்டும் வேலை செய்து, ஒவ்வொரு முறை பழையதைத் திறக்க நேரும்போதும் எதற்காகத் திறந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். விடுபட்டவற்றின் பட்டியல் அதுவே. அந்தக் குறிப்பு சில வாரம் வெறுமையாகவே இருந்தால் பழையதை அழிக்கலாம். கோப்புகளை வெறுமனே நீக்கினால் மீட்டெடுத்துவிட முடியும். ‘ரீசெட் திஸ் பிசி’யில் எல்லாவற்றையும் நீக்கும் வழியைத் தேர்ந்து, டிரைவைச் சுத்தம் செய்யும் அமைப்பையும் இயக்குங்கள், ஹார்ட் டிஸ்க் என்றால் சில மணி நேரம் ஆகும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள்; அதையும் உடைந்த கணினியையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல், பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள். கடைசியாக, உங்கள் மைக்ரோசாஃப்ட், கூகுள் கணக்குகளின் சாதனப் பட்டியலைத் திறந்து பழைய கணினியின் பெயரை நீக்கிவிடுங்கள்.