காணி துண்டாடி விற்கையில் சபைக்குச் சேரவேண்டியது: எங்கே பார்ப்பது, எப்படிக் கேட்பது

யாழ்ப்பாணத்தில் பெரிய காணி ஒன்றைத் துண்டாடி விற்றால் பிரதேச சபைக்குரிய பங்கு நிலமாகவும் வரும், காசாகவும் வரும். காசு பிந்தியாவது வந்துசேரும். தவறிப்போவது நிலம்தான். அதனால் காணியின் நில அளவைப் படத்தில் தொடங்குங்கள்.

நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதிகளில், 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் பாதைகள் போக மிஞ்சுவதில் 10 சதவீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கவேண்டும். 1 ஹெக்டேயர் ஏறக்குறைய 39.5 பரப்பு. 48 பரப்புக் காணியில் பாதைக்கு 6 பரப்புப் போனால் மீதி 42. ஒதுக்கு 4 பரப்பு 3.6 குளி (18 குளி ஒரு பரப்பு). அதே காணியை முன்கூட்டியே 24, 24 ஆக இரண்டு உறுதி (உரிமை மாற்றும் பத்திரம்) முடித்துவிட்டு விண்ணப்பித்தால் இந்தக் கணக்கே எழாது. ஆகவே தாய்க்காணியின் பழைய படத்தையும் உறுதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

படத்தில் ‘பாதை’ என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. அந்தத் துண்டு உறுதி மூலம் சபைக்குக் கைமாறியிருக்கவேண்டும். காணிப் பதிவகத்தில் அதன் கடைசிப் பதிவைத் தேடுங்கள். பழைய உரிமையாளரின் பெயர் நின்றால் இன்னும் கொடுபடவில்லை. சபைப் பதிவேட்டில் இல்லாத ஒழுங்கைக்கு வடிகாலோ தெருவிளக்கோ கேட்டால் ‘தனியார் ஒழுங்கை’ என்று கோப்புத் திரும்பும். சபை போட்ட கொங்கிறீற், ஒழுங்கை வாயிலில் வெட்டினாற்போல் நிற்க, அதற்கு உள்ளே மாரி வெள்ளம் தேங்குவது இதனால்தான். அச்சவாரம் (முற்பணம்) கொடுக்குமுன் இதைக் கேளுங்கள். துண்டுகள் விற்றுத் தீர்ந்தபின் உரிமையாளர் கனடாவில் இருந்தால் ஒரு கையெழுத்துக்கு அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) தேடி அலையவேண்டிவரும்.

காசில் அனுமதிக் கட்டணம் சிறியது. ஏலவிற்பனையாளர் அல்லது தரகர் மூலம் விற்றால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி விற்பனைத் தொகையில் 1 சதவீதத்தைச் சபை வரியாக அறவிடலாம். பெரிய தொகை முத்திரைத் தீர்வை: முதல் ஒரு லட்சத்துக்கு 3, மிகுதிக்கு 4 சதவீதம். 20 லட்சம் ரூபாய்த் துண்டுக்கு 79,000 ரூபாய். இதை மாகாண இறைவரித் திணைக்களம் வாங்கிப் பின்னர் சபைக்கு விடுவிக்கும், இழுபடுவது இங்கேதான்.

வந்த பணம் பொதுவாகச் சபை நிதியில் கலந்துவிடும். உங்கள் ஒழுங்கையால் வந்தது உங்கள் ஒழுங்கைக்கே திரும்பும் என்று நினைக்கவேண்டாம். அடுத்த ஆண்டுப் பாதீடு தயாராகுமுன், ஆவணி புரட்டாதியிலேயே எழுத்தில் கேளுங்கள். படத்தின் பிரதி, ஒழுங்கையின் பதிவிலக்கம், நீள அகலம் மீற்றரில், வெள்ளம் எந்தக் குளத்துக்கு அல்லது வாய்க்காலுக்கு ஓடவேண்டும் என்ற கீறல்படம் ஆகியவற்றை இணையுங்கள். முதலில் வடிகால், பிறகு கொங்கிறீற். மாறிச் செய்தால் தெரு உயர்ந்து, தண்ணீர் வளவுக்குள்ளும் கிணற்றடிக்கும் வரும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். ‘காசு எங்கே போனது’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. அனுமதி இலக்கம், பற்றுச்சீட்டுத் திகதி, தொகை, பாதைத் துண்டின் உறுதி இலக்கம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.