சன்ரூஃப் சத்தம் போன கதை

ஐம்பது லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கார், ஸ்பீடு பிரேக்கர் ஏறினாலே தலைக்கு மேல் கடகடவென்றது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், வழுவழு ரோட்டில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு, ‘சத்தமே வரலையே சார்’ என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காபி மட்டும் அருமை.

அடுத்த முறை சாவியைக் கொடுக்கவில்லை. டெக்னீஷியனைப் பின்சீட்டில் உட்காரவைத்து, குண்டும் குழியுமான சந்துக்குள் நானே ஓட்டினேன். சத்தம் வந்ததும் சன்ரூஃப், அதாவது கார் கூரையில் இருக்கும் கண்ணாடி ஜன்னல், அதன் திரையின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தச் சொன்னேன், நின்றது. கையை எடுத்தார், மறுபடி கடகட. என்ன வேலை என்று குறிக்கும் ஜாப் கார்டில் ‘சன்ரூஃப் திரை, இடது ஓரம், மேடுபள்ளத்தில் சத்தம்’ என்றே எழுத வைத்தேன். வெறும் ‘சத்தம்’ என்றிருந்தால் ‘செக் செய்தாயிற்று’ என்று மூடிவிடுவார்கள்.

தளர்ந்திருந்த கிளிப்பை வாரன்டியிலேயே மாற்றினார்கள். தொப்பூர் கணவாய் வரை ஓட்டிப் பார்த்துவிட்டேன், சத்தமில்லை.