மலிவு சைக்கிளைத் தினசரிக்குத் தயார் பண்ணுவது: முதல் காசு எங்கே போக வேண்டும்

கியர் இல்லாத மலிவு சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டீர்கள், அல்லது சொந்தக்காரர் யாரோ பழசைத் தள்ளிவிட்டார். அதை வைத்து மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஓர் ஊரில் தோட்டத்துக்கும் டவுனுக்கும் தினமும் போய்வர வேண்டும். நான் சொல்லப்போவது ஒரே விஷயம்தான்: ஓடுவதும் நிற்பதும் சரியாகும் வரை அழகுக்கு ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) செலவழிக்காதீர்கள். கலர் செயின், கலர் ரிம், ஸ்டிக்கர் எல்லாம் பார்க்க ஜோர்தான், ஆனால் அந்தக் காசில் பின் பல்லையும் பிரேக் கட்டையையும் மாற்றிவிடலாம். மொத்தச் செலவு சைக்கிள் விலையில் பாதியைத் தாண்டும்போலத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அடுத்த சைக்கிளுக்குச் சேர்த்து வையுங்கள்.

காசை எடுப்பதற்கு முன் வண்டியை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். சக்கரத்தை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்றால் பேரிங் தளர்ந்திருக்கிறது, அதை இறுக்கி கிரீஸ் வைத்தால் போதும். ஃப்ரேமின் ஒட்டுகளில், முக்கியமாக ஹேண்டலுக்குக் கீழேயும் பெடல் சுற்றும் இடத்திலும், பெயிண்ட் கோடாகப் பிளந்து உள்ளே துரு தெரிந்தால் அந்த ஃப்ரேமுக்கு எதுவும் வாங்காதீர்கள்.

சரி, முதல் வேலை பின்னால் இருக்கிற ஃப்ரீவீல், அதாவது செயின் மாட்டுகிற பின் பல்சக்கரம். கடையில் வரும் ஒற்றை கியர் சைக்கிள்களில் முன்னால் 46 பல், பின்னால் 16 பல் என்பது ரொம்ப சகஜம். 700சி என்கிற பெரிய அளவுச் சக்கரத்தில் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி ஆறு மீட்டருக்கு மேல் போகும். வேகம் பிடித்த பிறகு சுகம்தான், ஆனால் பின்னால் அரிசி மூட்டையோடு தோட்டத்து மேட்டில் ஏறும்போதும் சிக்னலில் நின்று கிளம்பும்போதும் முட்டி கழன்றுவிடும். பின்னால் 18 பல் போட்டால் அதே ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர், 20 போட்டால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த 20 பல்லிலும் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் வந்துவிடுகிறது, மார்க்கெட்டுக்குப் போக இது போதாதா? சமதரை என்றால் 18, மேடும் சுமையும் உண்டென்றால் 20, இதுதான் என் கட்சி. இத்தனை சின்னக் காசுக்கு வண்டியே வேறு மாதிரி ஆகிவிடுகிற மாற்றம் வேறு எதுவும் இல்லை.

கழற்றுவதுதான் கொஞ்சம் மல்லுக்கட்டு. மிதிக்க மிதிக்க இறுகுகிற திருகு அது, அதனால் பழைய ஃப்ரீவீல் லேசில் வராது. நடுவில் இரண்டோ நான்கோ வெட்டு இருக்கும், அதற்குச் சரியாகப் பொருந்துகிற ரிமூவர் வேண்டும். ரிமூவரை வைத்து, அது நழுவாமல் இருக்க அச்சு நட்டை லேசாகப் போட்டு, ரிமூவரை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப் பிடியில்) கவ்வ வைத்துவிட்டு, சக்கரத்தையே பெரிய ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையால் பிடித்து இடப்பக்கம் திருப்புங்கள். டக்கென்று விட்டதும் நிறுத்தி, அந்த நட்டைக் கழற்றிவிட்டு மீதியைத் திருப்புங்கள். வைஸ் இல்லையென்றால் டவுனில் இருக்கும் சைக்கிள் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கொடுத்துவிடுவது நல்லது, அவருக்கு இது ஐந்து நிமிட வேலை. புதியதைப் போடும்போது திருகில் கிரீஸ் தடவி, கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறாமல் முரண்டு பிடித்தால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், ஸ்பேனரை எடுக்காமல் கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள்.

பல் கூடினால் செயினுக்கு நீளம் வேண்டும். இரண்டு பல் கூட்டினால் பின் சக்கரம் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் முன்னால் வரும், அச்சு உட்காரும் பிளவுக்குள்ளேயே அது அடங்கிவிடும். நான்கு பல் என்றால் 13 மில்லிமீட்டர் அளவுக்கு வரும், அப்போது இடம் போதாமல் செயினில் ஓர் இணைப்பு சேர்க்க வேண்டியிருக்கலாம். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக் கட்டை ரிம்மில் படும் இடமும் மாறியிருக்கும், அதையும் சரிசெய்துவிடுங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிட்டு, கட்டை ரிம்மில் சரியாகப் படாமல் போன பிறகுதான் பார்க்கிறார்கள்.

அடுத்தது பிரேக். பாசிகல் லாஜாக் எனும் மாற்றியமைத்த சைக்கிள் ஓட்டுகிற பையன்கள் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுவதையும் போலீஸ் பிடித்து வண்டியைப் பறிமுதல் செய்வதையும் எல்லாரும் பார்த்திருக்கிறோம், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் வேலை செய்ய வேண்டும். மலிவு சைக்கிளில் வருகிற கட்டை பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாக இருக்கும், அதை மிருதுவான நல்ல ரப்பர் கட்டையாக மாற்றுங்கள். மாற்றும் முன் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்து ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அலுமினியம், கவலையில்லை. ஒட்டினால் இரும்பு ரிம், மழையில் நனைந்ததும் பிரேக் பிடித்தும் பிடிக்காத மாதிரி வழுக்கிக்கொண்டே போகும், எந்தக் கட்டை போட்டாலும் பாதிதான் தேறும். இரண்டு சக்கரமும் மாற்றக் காசில்லை என்றால் முன் சக்கரத்தை மட்டுமாவது அலுமினிய ரிம்முக்கு மாற்றுங்கள், வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான்.

கட்டையை மாட்டும்போது முன்நுனி ரிம்மில் முதலில் படுகிற மாதிரி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிறீச்சிடும். கட்டையின் பின்நுனிக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு மெல்லிய அட்டையைச் செருகி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கிவிட்டு அட்டையை உருவுங்கள். அப்புறம் கேபிள். உள்கம்பி துருப்பிடித்திருந்தால் வெளி உறையோடு சேர்த்து மாற்றுங்கள், எண்ணெய் விட்டு ஒப்பேற்றினால் அடுத்த மழைக்கு மறுபடி இறுகும்.

டயருக்கு வருவோம். வாங்கும் முன் பழைய டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், 32-622, 37-590, 47-559 என்கிற மாதிரி இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 590, 559 இரண்டையுமே 26 இஞ்சு என்றுதான் கடையில் சொல்வார்கள், ஆனால் ஒன்று மற்றதில் ஏறாது. அதனால் இஞ்சைச் சொல்லாமல் அந்த மூன்று இலக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஃப்ரேமும் பிரேக்கும் இடம் கொடுக்கும் வரை அகலமான டயர் போடுங்கள். செம்மண் பாதையில் 35க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். ஆனால் டயருக்கு இரு பக்கமும் நாலைந்து மில்லிமீட்டராவது விடுங்கள், மழைக்காலச் சேறு அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது.

நம் பக்கத்துப் பஞ்சருக்குப் பெரிய காரணம் செம்பனை மட்டை முள். வெட்டிப்போட்ட மட்டை காய்ந்து, லாரி ஏறி நொறுங்கி, முள் மட்டும் பாதையில் கிடக்கும். டியூபை மாற்றியும் மறுநாளே காற்று இறங்கினால் முள்ளின் முனை இன்னும் டயருக்குள்ளேதான் இருக்கிறது. வெளியே ஒடிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தேடினால் விரலைக் கிழிக்கும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்கத் தடவிக்கொண்டே போங்கள், முனை இருக்கும் இடத்தில் பஞ்சு நூல் பிரிந்து மாட்டிக்கொண்டு நிற்கும், அங்கே குறடால் பிடுங்கிவிடலாம். டியூபுக்கும் டயருக்கும் நடுவில் போடுகிற பஞ்சர் பட்டை கிடைத்தால் வாங்கிப் போடுங்கள், கொஞ்சம் கனம் கூடும், பரவாயில்லை.

டியூப் வாங்கும்போது மோட்டார் சைக்கிளில் இருக்கிற மாதிரி தடித்த வால்வு உள்ளதாகக் கேளுங்கள், எந்த மோட்டார் கடையிலும் பெட்ரோல் ஸ்டேஷனிலும் காற்றடிக்கலாம். ரிம் ஓட்டை சின்னதாக இருந்தால் இது நுழையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஸ்டேஷன் மெஷின் கிலோபாஸ்கலில் காட்டும், 350 என்றால் ஏறத்தாழ 50 பிஎஸ்ஐ. 35 அகல டயருக்கு சாதாரண உடம்புள்ளவருக்கு அது போதும். டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டாதீர்கள்.

சீட்டு உயரத்துக்குக் காசே வேண்டாம். குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. தரையில் இரண்டு பாதமும் பட வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்து மிதிப்பவர்கள்தான் முட்டிவலி என்று சொல்லித் திரிகிறார்கள். சீட்டுக் கம்பியில் ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரிகிற அளவுக்கு ஏற்றாதீர்கள். கம்பிக்குக் கிரீஸ் தடவிச் செருகுங்கள், இல்லையென்றால் இந்த ஈரத்தில் ஃப்ரேமோடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் பெடல் நனைந்த செருப்பில் வழுக்கும், பல் வைத்த பெடல் மாற்றலாம். இடது பெடலின் திருகு மாறுதிருகு என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள், இரண்டு பெடலும் வண்டியின் முன்பக்கம் பார்த்துத் திருப்பினால் இறுகும்.

மட்கார்டு, கேரியர், லைட் மூன்றும் வேண்டும், மூன்றிலும் யோசிக்க அதிகமில்லை. மட்கார்டு முழு நீளமாக இருக்கட்டும், பேராக்கில் மதியத்துக்கு மேல் கொட்டுகிற மழைக்குக் குட்டை மட்கார்டு முதுகைக் காப்பாற்றாது. கேரியர் மாட்ட ஃப்ரேமில் துளை இல்லையென்றால் குழாயைச் சுற்றிப் பிடிக்கிற கிளாம்ப் கிடைக்கும். இருட்டோடு பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறவர்கள் லைட்டில் கஞ்சத்தனம் பண்ணவே கூடாது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்காரர் உங்களைப் பின்னாலிருந்துதான் பார்க்கப்போகிறார், அதனால் முதலில் பின்பக்கச் சிவப்பு லைட்டை வாங்குங்கள்.

செயினை இறுக்கும்போது கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையை, முழுசாகச் சுற்றிப் பாருங்கள். மலிவு பல்சக்கரம் சரியான வட்டமாக இருக்காது, ஓர் இடத்தில் செயின் விறைக்கும், இன்னோர் இடத்தில் தொங்கும். விறைக்கிற இடத்தில் அரை இஞ்சு மேலும் கீழும் ஆடுகிற மாதிரி வைத்து அச்சு நட்டை இறுக்குங்கள். தொங்குகிற இடத்தைப் பார்த்து இறுக்கினால் விறைக்கிற இடத்தில் பேரிங் தேயும். மழையில் நனைந்த அன்றே செயினைத் துணியால் துடைத்து, எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். புதுச் செயினில் 12 முழு இணைப்பு (அகலமும் குறுகலுமாக வரும் ஒரு ஜோடி ஒரு முழு இணைப்பு) சரியாக 12 இஞ்சு இருக்கும். அளந்து பார்த்து 12⅛ இஞ்சு வந்துவிட்டால் மாற்றுங்கள், விட்டுவைத்தால் புது ஃப்ரீவீலின் பல்லையும் தின்றுவிடும்.

எல்லாம் மாட்டி ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஸ்பேனரை எடுத்து அச்சு நட்டு, பிரேக் நட்டு, கேரியர் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி ஒரு தடவை இறுக்குங்கள். கிராங்கின் இடது கையை முக்கியமாகப் பாருங்கள். அது லேசாக ஆடும்போதே இறுக்கிவிட்டால் தப்பித்தீர்கள், ஆடவிட்டு மிதித்தால் உள்ளே இருக்கிற சதுர ஓட்டை தேய்ந்து, அதற்கப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்க்தான் மாற்ற வேண்டும்.