ஒரே ஆபத்தை மேசையிலும் களத்திலும் காட்டுவது எப்படி?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகிக் கதையை நகர்த்தும் ரோல்பிளே ஆட்டத்தை நடத்தப் பழகுகிறவர்களுக்கு ஒரு பயிற்சி. இருட்டான நடைபாதை, கடைசியில் காவலுக்கு ஒரு மிருகம். இதை முதலில் மேசையில், அதாவது உட்கார்ந்து பேசியும் பகடை உருட்டியும் ஆடும் ஆட்டத்தில், அமைப்போம். அப்புறம் களத்தில், அதாவது ஆட்களே வேடம் போட்டு நடமாடும் லார்ப்பில்.

படி 1: எது பறிபோகும்?

உயிர் போகும் என்பது மட்டும் போதாது. காயம்பட்ட தோழன், அணையப்போகும் ஒரே விளக்கு என்று ஏதாவது ஒன்றைச் சேருங்கள்.

படி 2: மேசையில்

இங்கே பயம் கணக்கு வழியாக வரும். 1974-ல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பரப்பிய ஹிட் பாயிண்ட் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள்: கேரக்டரின் உயிர் புள்ளிகளில் இருக்கும், அடி விழ விழக் குறையும், தீர்ந்தால் விழுந்துவிடுவார். ஒருவருக்கு மிச்சம் 8 புள்ளி. மிருகத்தின் அடிக்கு இரண்டு ஆறுமுகப் பகடை. அடி பட்டால், 8-ஓ அதற்கு மேலோ விழ 36-ல் 15 வாய்ப்பு. இதைச் சொல்லிவிட்டுப் பகடையை எல்லோர் கண் முன்னாலும் உருட்டுங்கள். 'பயங்கரமான மிருகம்' என்று வர்ணிக்கவே வேண்டாம். இரும்புக் கதவு காகிதம் மாதிரி கிழிந்து கிடக்கிறது என்றால் போதும்.

டிரெட் என்ற ஆட்டத்தில் பகடையே கிடையாது. ஜெங்கா கோபுரத்திலிருந்து கட்டையை உருவ வேண்டும். சரிந்தால் உங்கள் கேரக்டர் காலி. உட்கார்ந்த இடத்திலேயே கை நடுங்கும்.

படி 3: களத்தில்

நேரில் ஆடினாலே பயம் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. ஃபோம் வாள் வலிக்காது, முகமூடிக்குள் இருப்பது நம்ம ஆள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். சண்டை தொடங்கியதுமே பயம் பாதி இறங்கி, விளையாட்டுப் போட்டியாகிவிடும். அதனால் சண்டையைத் தள்ளிப்போடுங்கள். முதலில் தரையில் ஏதோ உரசும் சத்தம் மட்டும். ஆட்டக்காரர்கள் நடந்தால் மிருகமும் நடக்கட்டும், நின்றால் நிற்கட்டும். ஓடி வர வேண்டாம். மெதுவாக நெருங்குவதுதான் வயிற்றைக் கலக்கும். களத்தில் யாரும் மிருகத்தின் புள்ளிகளைப் பார்க்க முடியாது, ஆகவே கூட வரும் பலசாலி வேடக்காரர் ஒருவர் அவர்கள் கண் முன்னால் ஒரே அடியில் விழட்டும்.

என் கணக்கில், நெருக்கத்தைக் காட்டக் களம். கொள்ளைநோய், படையெடுப்பு மாதிரி பெரிய ஆபத்துகளுக்கு மேசை.

படி 4: நிறுத்தும் வழி

ஆடத் தொடங்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். மேசையில் எக்ஸ் கார்டு, அதாவது X எழுதிய ஓர் அட்டை: யார் தொட்டாலும் அந்தக் காட்சி நீக்கப்படும், காரணம் கேட்கக்கூடாது. களத்தில் 'கட்' என்றால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். படிக்கட்டில் வெளிச்சம் இருக்கட்டும், வெளியேறும் கதவைப் பூட்டாதீர்கள். முகமூடி போட்டவருக்குப் பக்கவாட்டில் சரியாகத் தெரியாது; அவர் அருகில் ஒருவரை நிறுத்துங்கள்.